பெயர் எழுதாத மேடு

அன்புள்ள சம்பந்தி,

இறந்தவர்களோடு பேசுவது எங்கள் சபையில் வழக்கமில்லை. அவர்களுக்காக ஜெபிப்பதும் இல்லை. போனவர் போன இடத்தில் போனபடியே இருக்கிறார், நாம் இங்கிருந்து சொல்வதால் அவருக்குக் கூடுவதோ குறைவதோ ஒன்றுமில்லை என்று சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லிவிட்டார்கள். கடிதம் எழுதலாமா என்று போதகரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் கமிட்டி போட்டு முடிவு செய்வார்கள். அதற்குள் நானே நேரில் வந்து சொல்லிவிடும்படி ஆகிவிடும்.

உங்களைக் கேட்டுச் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை உங்களைக் கேட்காமல் செய்துவிட்டோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டம்மா சம்மதித்துத்தான் நடந்தது. சம்மதித்தார் என்பதுகூடச் சரியில்லை. அவர்தான் செய்தார். நாங்கள் மண் சுமந்தோம்.

உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இந்த மே மாதமும் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வேலை செய்தார்கள். நீங்கள் போன கார்த்திகையில் போய்விட்டதால் இந்த வருடம் முகாமை விட்டுவிடுவார்கள் என்று நான் கொஞ்சம் நம்பியிருந்தேன். எனக்கு வெயில் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் இறந்தவர் பெயரைச் சொல்லி எதையும் நிறுத்துவது நம் நாட்டில் நடக்காது. தொடங்குவதுதான் நடக்கும். ‘அமரர் சூசை நினைவுக் கோடைக்கால சமூக சேவை முகாம்’ என்று பேனர் அடித்துவிட்டார்கள். தொப்பி வாங்கிக் கொடுத்தவர்களின் முகங்கள் பெரிதாகவும், உங்கள் முகம் அளவாகவும் இருந்தன. நம் பிள்ளைகளின் கல்யாணத்தில் எடுத்த படம். என்னை வெட்டிவிட்டார்கள். என் கை மட்டும் உங்கள் தோளில் இருக்கிறது.

அந்தக் கல்யாணத்தில்தானே இதெல்லாம் தொடங்கியது. உங்கள் மகனும் என் மகளும் நம்மைக் கேட்காமல் பேசி முடித்த பிறகு, வரவேற்பில் நம் இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். துறைமுகத்தில் சரக்கு மூட்டை எண்ணிய கத்தோலிக்கருக்கும் நாசரேத்தில் வங்கி நோட்டு எண்ணிய புரொட்டஸ்டண்டுக்கும் பேச என்ன இருக்கிறது? நீங்கள், கல்லறைத் தோட்டத்தில் உடைமரம் முள்ளும் புதருமாய் மண்டிவிட்டது என்றீர்கள். ஓய்வுக்குப் பிறகு எங்கள் சபைப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் இருந்த நான், எங்கள் பிளஸ் ஒன் பிள்ளைகள் கோடையில் சும்மா கிடக்கிறார்கள் என்றேன். ஐஸ்கிரீம் வருவதற்குள் முகாம் பிறந்துவிட்டது.

ஒவ்வொரு வருடமும் முதல் நாள் காலையில் நீங்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று பிள்ளைகளிடம் ஏதோ சொல்வீர்கள். நான் அந்த நேரத்தில் கோயில் பள்ளிக்கூடத்தில் உப்புமாவுக்கு ஆள் எண்ணிக்கொண்டிருப்பேன். தூரத்திலிருந்து உங்கள் கை அங்குமிங்கும் அசைவது தெரியும். ஜெபம் என்று நினைத்து நான் கிட்டே வந்ததே இல்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள் என்பது இந்த வருடம்தான் தெரிந்தது. தெரிந்த விதம்தான் சரியில்லை.

இந்த வருடம் வாசலில் நான் நின்றேன். கையுறை கொடுத்தேன். முள்ளைப் பற்றியும் பாம்பைப் பற்றியும் எச்சரித்தேன். குப்பை எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்றேன். சிறந்த குழுவுக்குப் பரிசு உண்டென்றும், வேலைக்கு முன் ஒரு படமும் பின் ஒரு படமும் எடுத்து அனுப்ப வேண்டும் என்றும் தலைமையாசிரியர் சொன்னதைச் சொன்னேன். சுத்தமாகச் சொன்னதாகவே அப்போது தோன்றியது.

எங்கள் நாசரேத்துக் கல்லறைத் தோட்டத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். என் தம்பியை அடக்கம் செய்த அன்று, ‘என்ன சம்பந்தி, ஒரு வாத்தியார் கூட்டத்துக்குள்ள வந்த மாதிரி இருக்கு’ என்று என் காதில் சொன்னீர்கள். உண்மைதான். பெயர், பட்டம், பதவி, ஓய்வுபெற்ற ஊர், கீழே ஒரு வசனம். எங்கள் பக்கத்தில் செத்தாலும் பி.ஏ., பி.டி.யை விட்டுக்கொடுக்க மாட்டோம். அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கல்லறை என்றால் படிக்கும் பொருள். எழுத்து இல்லாத இடத்தில் ஆள் இல்லை.

பெனிட்டா என்று ஒரு பெண். பிளஸ் ஒன். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். மேற்குச் சுவர் ஓரம் அவள் குழுவுக்கு வந்தது. அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு மண்மேடு. சுற்றிலும் உடைந்த சங்குத் துண்டுகள். ஒரு சிரட்டையில் உருகிப்போன மெழுகு. சிலுவை இல்லை, பெயர் இல்லை.

“இது என்னல ஜாய்சன், இங்கன கொட்டி வச்சிருக்காங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

“சுவரு கட்டினப்ப மிஞ்சுன மண்ணா இருக்கும்” என்றிருக்கிறான் ஜாய்சன். அவன் அப்பா கட்டட ஒப்பந்தக்காரர்.

சுவர் புதிது. ஆகவே பதிலும் பொருத்தமாக இருந்தது. மேட்டை வெட்டி, நடைபாதையில் இருந்த பள்ளங்களை அந்த மண்ணால் நிரப்பினார்கள். சங்குத் துண்டுகளைச் சாக்கில் அள்ளினார்கள். படத்தைக் காட்டினாள். தரை, ரசமட்டம் வைத்துப் பார்த்ததுபோல இருந்தது. ரொம்ப நன்றாக இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

சாயங்காலம் ரெஜினா வந்தார். வலைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும், ஏரல் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகும் ரெஜினா. கையில் மெழுகுவத்தி. சுவரோரம் வந்தவர் நின்றார். அந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தார், திரும்பி வந்தார். வேறு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டவர் மாதிரி சுற்றிப் பார்த்தார்.

“ஏளா, இங்கன ஒரு மேடு கிடந்துச்சே, பாத்தியா?”

“ஆமா ஆன்ட்டி” என்றாள் பெனிட்டா, மலர்ந்த முகத்தோடு. “நாங்கதான் சமப்படுத்தினோம்.”

“சமப்படுத்தினியளா.”

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் நாங்கள் எல்லோரும் பிழைத்திருப்போம். அந்தத் தரையிலேயே உட்கார்ந்து, மெழுகுவத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு உங்கள் வீட்டம்மாதான் எனக்குச் சொன்னார். ரெஜினாவின் மகன் அமலன் சங்கு குளிக்கப் போனது, நடுக்கடலில் எஞ்சின் நின்றது, தூரத்தில் ஒரு போட்டின் வெளிச்சம் தெரிகிறது என்று அவன் மட்டும் நீந்திப் போனது. வள்ளத்தில் இருந்தவர்களை மறுநாள் மீட்டுவிட்டார்கள். அவனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. அந்த போட்டில் ஏறியிருப்பான் என்கிறார் ரெஜினா. ஏறவில்லை என்று சொல்வதற்கும் யாருமில்லை. அந்த மேட்டுக்குக் கீழே ஒன்றும் கிடையாது. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்து மீன் விலையிலிருந்து திருச்சபைப் பிளவு வரை பேசினீர்கள், இதை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை? நாசரேத்துக்காரனிடம் சொன்னால் உடனே ஏதாவது ஏற்பாடு செய்துவிடுவான் என்று பயந்தீர்களா?

மறுநாள் காலையில் மச்சாது அண்ணாச்சி குடையோடு வந்தார். உங்களுக்குப் பிறகு கல்லறைத் தோட்டப் பொறுப்பு அவருக்குத்தான். கெட்ட மனிதர் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், நடுவில் ஊரில் இறப்பவர்கள் எல்லோரையும் வைத்தாக வேண்டிய மனிதர்.

“சூசை இருக்கும்போது நான் வாயத் தொறக்கல சார்” என்றார் என்னிடம். “உடல் இல்லாம எடம் இல்லங்கிறது சட்டம். அவரு ‘அது கிடக்கட்டும்வே’ன்னுட்டாரு. மேடு கிடந்துச்சு, நானும் பாக்காத மாதிரி போய்ட்டேன். இப்பம் தரையாயிட்டு. எடம் கேட்டு ரெண்டு குடும்பம் நிக்கி. காலி எடத்த நான் என்னன்னு சொல்ல?”

ரெஜினா பக்கத்தில்தான் நின்றார். “ஆளு கிடைச்சா நான் எதுக்கு அண்ணாச்சி ஒங்ககிட்ட எடம் கேக்கேன்? வீட்டுல பாய விரிக்க மாட்டனா?”

அண்ணாச்சி குடையை மடக்கினார், மறுபடி விரித்தார். ஆனால் இடம் தரவில்லை. அந்த இடம் போனால் ரெஜினாவுக்குத் தன் மகனுக்கென்று நிற்க ஒரு அடி மண் கிடையாது. சேவை செய்ய வந்த நாங்கள் ஒரே காலையில் செய்த சேவை அது.

நான் யோசித்தேன். நீங்கள் பயந்தபடியே ஓர் ஏற்பாடும் செய்தேன். சுவரில் பதிக்கிற மாதிரி ஒரு சின்னக் கல். அமலன் என்று பெயர். தரையில் இடம் வேண்டாம், சட்டமும் இடிக்காது. அண்ணாச்சிக்கு அப்படியொரு நிம்மதி. “அருமையான யோசனை சார், படிச்சவங்க படிச்சவங்கதான்” என்றார். நானும் அதை மறுக்கவில்லை.

பெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு ரெஜினா வீட்டுக்குப் போனேன். அவள் முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவள், வாசலுக்கு வந்ததும் என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ரெஜினா நெத்திலிக் கருவாட்டை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். கல்லில் வெட்ட முழுப்பெயர் வேண்டும், பிறந்த தேதி வேண்டும் என்றேன்.

அவர் தேதியைச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

“அதுக்குப் பக்கத்துல இன்னொரு தேதி போடுவாவல்லா” என்றார். “அதுக்கு என்ன போடுவிய?”

நான் பேனாவைப் பார்த்தேன்.

“எனக்கும் கல்லு வைக்கத் தெரியாமலா மேடு போட்டேன் சார்? பேரெழுதினா முடிஞ்சிட்டுன்னு அர்த்தம். மேடுன்னா காத்து கொண்டுட்டுப் போவும். நான் மறுபடி அள்ளிப் போடுவேன். கல்லு அப்படியா? நாளைக்கு அவன் வந்து வாசல்ல நின்னா, அந்தக் கல்ல நான் எங்கன கொண்டு ஒளிச்சு வைக்க?”

அப்போதுதான் பெனிட்டா பேசினாள். பெரியவர்கள் யாரும் கேட்கத் துணியாததைக் கேட்டாள். “அப்போ கல்லறைத் தோட்டத்துல ஏன் ஆன்ட்டி மேடு போட்டீங்க?”

நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். ரெஜினா கோபப்படவில்லை.

“கடலப் பாத்துப் பேசிப் பாத்தேன்ளா. அது எரைச்சல்ல என் பேச்சு எனக்கே கேக்கல. இங்கனன்னா எல்லாரும் சும்மா கிடக்காவ. யாரும் குறுக்க பேச மாட்டாவ.” பிறகு ஒரு கை நெத்திலியை எடுத்துப் புரட்டிப் போட்டுவிட்டு, “சாப்பிட்டியா? மூஞ்சி வாடிக் கிடக்கு” என்றார்.

பெனிட்டா அங்கேதான் அழுதாள். எங்கள் பள்ளியில் மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. எழுந்து நின்று, குனிந்து, ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை அவள் சொல்லவே இல்லை. பழைய சோற்றையும் கருவாட்டையும் சாப்பிட்டாள்.

திரும்பும் வழியில் உங்கள் வீட்டுக்குப் போனோம். சம்பந்தியம்மா நீங்கள் போனதிலிருந்து கோயிலுக்குத் தவிர வெளியே இறங்குவதில்லை. நான் கல் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, முழுவதையும் கேட்டுவிட்டு, “நல்ல வேல பாத்தியளே சம்பந்தி” என்றார். என்ன பொருளில் சொன்னார் என்று எனக்குத் தெரியும். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். நேரே கல்லறைத் தோட்டம். அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினார். ரெஜினாவுக்கும் அனுப்பினார்.

உங்களுக்கு இன்னும் கல் வைக்கவில்லை. வருடம் திரும்பட்டும் என்று இருக்கிறோம். இப்போதைக்கு மண்ணும் மரச்சிலுவையும்தான். அதற்குப் பக்கத்தில் உங்கள் குடும்ப இடத்தில், செங்கல் பதித்து ஒரு ஆள் நீளத்துக்கு விட்டிருக்கிறதல்லவா, சம்பந்தியம்மா அந்த ஓரத்தில் போய் நின்றார்.

“அண்ணாச்சி, இது யாரு எடம்?”

“ஒங்க எடந்தான் மதினி” என்றார் மச்சாது அண்ணாச்சி.

“காலி எடமா?”

“அது எப்படிக் காலி? ஒங்களுக்குன்னு பேசி வச்சதுல்லா.”

“நாந்தான் உயிரோட நிக்கேனே. உடல் இல்லாம எடம் இல்லன்னு சட்டம் சொன்னியளாமே.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். படித்தவன் என்பதால் நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் உங்கள் சிலுவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எனக்குன்னு விட்ட எடத்துல அவ மேடு போட்டுக்கிடட்டும்” என்றார் உங்கள் வீட்டம்மா. “நான் வாறதுக்குள்ள அந்தப் பய வந்துட்டாம்னா, அவளே கலைச்சிருவா.”

“வரலைன்னா மதினி?”

“அப்பம் நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

துறைமுகத்துப் பக்கம் ஏதோ கப்பல் ஊதியது. அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, “இதப் பதிவுல எழுதிக்கிடட்டா?” என்று கேட்டார்.

“எழுதாதிய” என்றார் ரெஜினா. அவர் அங்கே பேசிய ஒரே வார்த்தை அது. பிறகு சம்பந்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. இரண்டு பேரும் அழவில்லை. அழுதது நான். சம்பந்தி என்ற முறையில் உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

மறுநாள் பிள்ளைகள் கடற்கரையிலிருந்து மண் சுமந்தார்கள். நடைபாதையில் கொட்டிய மண்ணையே அள்ளித் தரலாம் என்றான் ஜாய்சன். அதை எல்லோரும் மிதித்துவிட்டார்கள், வேண்டாம் என்றாள் பெனிட்டா. சாக்கைக் கவிழ்த்து, அத்தனை குப்பைக்குள்ளும் சங்குத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாள். கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் பொறுக்கினாள். மேட்டை அணைத்துப் போட்டவர் ரெஜினா. பிள்ளைகள் பக்கவாட்டைத் தட்டித் தட்டி நேராக்கத் தொடங்கியதும் தடுத்தார்.

“ரொம்ப அழகாப் போடாதிய மக்களே. பாக்கிறவங்க கல்லறைன்னு நெனச்சிருவாவ.”

பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு, சிரித்திருக்கக் கூடாதோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெஜினாவும் சிரித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தார்கள். அந்த மேட்டுக்கு முன் படமும் இல்லை, பின் படமும் இல்லை. பரிசு, குழாயடியைச் சுத்தம் செய்த குழுவுக்குப் போனது. நிறைவு விழாவில் ஒரு பிரமுகர், இளைஞர்கள் மண்ணின் மைந்தர்கள் என்று பேசிவிட்டு, காரிலிருந்து இறங்கிய செருப்பில் மண் படாமல் போய்ச் சேர்ந்தார். சான்றிதழில் உங்கள் பெயரில் ஒரு எழுத்துப்பிழை. நான் திருத்தச் சொல்லியிருக்கிறேன்.

பஸ்ஸில் பெனிட்டா எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சாயர்புரம் தாண்டியதும், “அந்த அண்ணன் வருவாரா சார்?” என்று கேட்டாள். உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் தலையசைத்தாள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை என்று தெரிந்தது. எனக்கும் போதவில்லை.

நீங்கள் இருக்கும் இடத்தில் இதெல்லாம் தெரியுமா சம்பந்தி? கடலில் போனவர்கள் அங்கே வந்துசேர்ந்தார்களா இல்லையா என்று பார்த்துச் சொல்ல யாராவது இருக்கிறார்களா? இருந்தாலும் எங்களுக்குச் சொல்லாதீர்கள். ரெஜினாவுக்கு அது வேண்டாம். அவர் கேட்டது ஒரு மேடு. அது இப்போது உங்கள் இடது பக்கத்தில் இருக்கிறது.

அடுத்த கோடையிலும் வாசலில் நான்தான் நிற்பேன். கையுறை கொடுக்கும் முன்பு பிள்ளைகளிடம் பேசுவேன். பெயர் எழுதியிருக்கும் இடத்தில் படியுங்கள், எழுதாத இடத்தில் யாரையாவது கேளுங்கள் என்று சொல்வேன். ஆடிக்காற்றில் மேடு கரையும். ரெஜினாவுக்கு முழங்கால் வலி. அவர் கூப்பிட மாட்டார், அதனால் கூப்பிடாமலே நான் பஸ் ஏறி வருவேன். உங்களுக்குக் கல் வைக்கும்போது உங்கள் பெயரை மட்டும் வெட்டச் சொல்வேன், பிழையில்லாமல். பக்கத்து இடத்தில் எதுவும் எழுத மாட்டோம். அமலனோ உங்கள் வீட்டம்மாவோ, யார் முதலில் வருகிறார்களோ, அதுவரை அந்த இடத்தைக் காலி இடம் என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

என் மகளுக்கு அப்பாவாக நின்றவரே, போய் வருகிறேன்.

உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்த,
நாசரேத்துச் சம்பந்தி